சூரியன் உச்சியில் நின்ற சாயங்காலம்

புதுக்கோட்டையில் திருஞானம் என்று ஒரு சீடர் இருந்தார். சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு இருபத்தாறு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? தாடி நரைத்தவர்தான் குரு என்று நினைக்கிறவர்கள் தாராளமாக வேறு கதை படிக்கலாம்.

திருஞானம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லி விரட்டுகிற வேலை. ஒரு நிமிஷத்துக்காகக் கண்டக்டரும் கண்டக்டரும் சட்டையைப் பிடித்துக்கொள்கிற இடம் அது. அங்கே கம்பி போட்ட கூண்டுக்குள் மைக்கோடு உட்கார்ந்து, "அறந்தாங்கி வண்டி எடு, எடுப்பா, உன் நேரம் முடிஞ்சு போச்சு!" என்று அவர் ஒரு குரல் விட்டால் போதும், எந்த டிரைவரும் மறுபேச்சு பேசமாட்டான்.

ஓய்வு பெற்ற மறுநாள் அந்தக் கூண்டில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் திருஞானத்துக்கு அப்படி ஒரு கூண்டு கிடையாது. ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், "கொஞ்சம் காலைத் தூக்குங்க, பெருக்கணும்" என்று குரல் வரும். வாசலுக்குப் போனால், "அங்க நிக்காதீங்க, கோலம் அழியுது" என்று வரும். மனுஷன் உள்ளுக்குள் ரொம்ப நொந்துபோயிருந்தார். ஆனால் வெளியே சொல்லவில்லை.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அது மனைவி செண்பகவல்லியுடையது. அவர் அந்தத் தெருவுக்கே ஜோசியர். பிறந்த நேரம் தெரிந்தவர்களுக்கு ஜாதகம் கணிப்பார். தெரியாதவர்களுக்குப் பிரசன்னம் பார்ப்பார். அதாவது, ஒருவர் வந்து கேள்வி கேட்கிற அந்த நேரத்துக்கே ஒரு கட்டம் போட்டு, அதை வைத்துப் பலன் சொல்வது. நேரத்தை யாரும் கையால் போட வேண்டியதில்லை. கம்ப்யூட்டரே தன் கடிகாரத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். செண்பகவல்லி மத்தியானம் கண் அசருகிற நேரத்தில் மட்டும் அந்த நாற்காலி திருஞானத்துக்குக் கிடைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போனவர், கீழே மின்விசிறி ஓடவில்லை என்று மாடி ஏறினார். அங்கே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, முக்காடு போட்ட ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். பெயர் நஸ்ரின். ஏதோ வெளியூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். "லினக்ஸ்ங்கறது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுற ஒண்ணு. ஆனா யாரோ ஒருத்தருக்குன்னு இல்ல, எல்லாருக்கும்தான். எடுத்துட்டுப் போய் உங்க கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம். ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்றார்.

ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்! திருஞானத்துக்கு உடம்பு சிலிர்த்துப்போய்விட்டது. கூட்டம் முடிந்ததும் நேரே போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"குருவே!"

"ஐயோ சார், நஸ்ரின்னு கூப்பிடுங்க."

"அதெல்லாம் முடியாது குருவே. ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இருக்கு. அதைச் சுத்தமா துடைச்சுப் போட்டுட்டு லினக்ஸை ஏத்தணும். எப்படி?"

"அந்தக் கம்ப்யூட்டரை வேற யாராவது பாக்கறாங்களா?"

"என் சம்சாரம். ஜாதகம் பாப்பா. அது விண்டோஸ்லதான் ஓடுமாம். போகுது, வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கலாம்."

குரு கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"சார், உங்க ஸ்டாண்டுக்குப் புதுசா ஒரு வண்டி வருது. ஏற்கெனவே ஒரு வண்டி நிக்குது. என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்துல நிறுத்தச் சொல்லுவேன்."

"நிக்கிற வண்டியைக் கொளுத்திட மாட்டீங்களே?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். திருஞானமும் சிரித்தார். காது மட்டும் சிவந்தது.

"அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க சார்" என்றார் குரு.

கேட்கிற வேலைதான் பெரிய வேலை. செண்பகவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தார். திருஞானம் சுதந்திரம் என்றார், பொதுச்சொத்து என்றார், மூச்சுவிடாமல் பேசினார். செண்பகவல்லி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார்.

"இதெல்லாம் எதுக்குங்க இப்ப? பொழுது போகலேன்னா கோயிலுக்குப் போயிட்டு வாங்களேன்."

"எனக்குன்னு ஒரு இடம் வேணும் செண்பகம்."

அந்தக் குரலைச் செண்பகவல்லி அதுவரை கேட்டதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுக்குள்ள எத்தனை வருஷத்து ஜாதகம் கிடக்குன்னு தெரியுமா? இந்தத் தெருவுல கல்யாணம் ஆன பாதிப் பேரு அதுக்குள்ளதான் இருக்காங்க."

"உன் பக்கம் வரவே மாட்டேன். பக்கத்துல ஒரு ஓரமா..."

"சரி. ஆனா ஒண்ணு. என் பக்கத்துல ஒரு துரும்பு அசையக் கூடாது. அசைஞ்சுதுன்னா உங்க லினக்ஸு அன்னைக்கே மூட்டையைக் கட்டணும். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்று திருஞானம் குதித்த குதியில் தட்டில் இருந்த வெங்காயம் உருண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குருவிடம் போனார்.

"சம்மதம் வாங்கிட்டேன் குருவே. முன்ஜாக்கிரதையா இன்னொண்ணும் செஞ்சுட்டேன். ஏதாவது ஏடாகூடமா ஆயிட்டா? அதனால அவ ஜாதகம் அத்தனைக்கும் ஒரு நகல் எடுத்து வச்சுட்டேன்."

"ரொம்ப நல்லது சார். எங்க வச்சிருக்கீங்க?"

"அதே கம்ப்யூட்டர்ல, டி டிரைவ்ல. பத்திரமா இருக்கு."

குரு தலையை ஆட்டினார். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவரிடம் ஒரு கப் நீட்டினார்.

"உங்க வீட்டுக்கு மாத்துச் சாவி இருக்கா சார்?"

"இருக்கே."

"எங்க இருக்கு?"

"பீரோவுல."

"பீரோ?"

"வீட்டுக்குள்ள."

குரு பிளாஸ்கை மூடினார். டீ நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். திருஞானம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அண்ணா சிலை திரும்பும்போது, நடுரோட்டில் பிரேக்கைப் பிடித்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டிய திட்டு இங்கே எழுதக்கூடியதல்ல. திருஞானத்துக்கு அது காதிலேயே விழவில்லை. நேரே கடைக்குப் போய் ஒரு பென் டிரைவ் வாங்கினார். ஜாதகங்களை அதில் ஏற்றினார். வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு நாலைந்து கட்டங்களைத் திறந்து பார்த்துச் சரியா என்று உறுதி செய்துகொண்டார். அப்புறம் அதைப் பக்கத்துத் தெருவில் இருக்கிற தன் தங்கை வீட்டில் கொடுத்து, அரிசி டின்னுக்குள் வைக்கச் சொன்னார்.

நல்ல நாள் பார்த்தாகிவிட்டது. செண்பகவல்லியே பார்த்துக் கொடுத்தார். ராகு காலம், எமகண்டம் எல்லாம் தள்ளி, காலை வேளை. குரு வீட்டுக்கு வந்தார். செண்பகவல்லி அவரைப் பார்த்ததும், "இந்தப் புள்ளையா உங்க குரு? நான் ஏதோ தாடி வச்ச ஆளுன்னு நெனச்சேன்" என்று வாய்விட்டுச் சிரித்து, பணியாரம் கொண்டுவந்து வைத்தார்.

முதல் வேலை, லினக்ஸுக்கு இடம் ஒதுக்குவது. திருஞானம் மவுஸை எடுத்தார். குரு அதை மெதுவாக நகர்த்திச் செண்பகவல்லி பக்கம் வைத்தார்.

"அம்மா, இது உங்க இடம். எவ்வளவு குடுக்கலாம்னு நீங்களே நகத்துங்க."

"பாதி!" என்றார் திருஞானம்.

செண்பகவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரையில் தெரிந்த அளவைப் பார்த்தார். கத்தரிக்காய் பேரம் பேசுகிற முகத்தோடு கால்வாசியில் நிறுத்தினார்.

"இது போதும். ஒத்த ஆளுதானே?"

திருஞானம் குருவைப் பார்த்தார். குரு பணியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு லினக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகிக் கம்ப்யூட்டரை மறுபடி ஓடவிட்டார்கள். நிறுவுகிற இடம் வந்தது. திரையில் இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவு. இன்னொன்று, விண்டோஸின் பக்கத்தில் நிறுவு. திருஞானம் இரண்டாவதை அழுத்தினார். செண்பகவல்லி சாமி படத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். திரையில் ஒரு பட்டை மெல்ல மெல்ல நிரம்பியது. நிரம்பி முடிகிற வரைக்கும் மூன்று பேரும் பணியாரத்தைத் தொடவில்லை.

முடிந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தால் இப்போது ஒரு கேள்வி வரும்: லினக்ஸா, விண்டோஸா? குரு விண்டோஸை முதலில் திறந்து காட்டினார். செண்பகவல்லியின் ஜாதகங்கள் அத்தனையும் வைத்தது வைத்தபடி இருந்தன. பிறகு லினக்ஸ். திருஞானம் உள்ளே போனார்.

அடடா, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! எல்லாம் தமிழில் இருந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பழைய மைக் குரலில் படித்தார். "கோப்புகள்! அமைப்புகள்! மறுதொடக்கம்!" தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்ட் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்தார். தன் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து, பெரிய எழுத்தாக்கி, சிவப்பாக்கி, மறுபடி கறுப்பாக்கினார். சீட்டு விளையாடினார். போனிலிருந்து இணையத்தைக் கொடுத்து, ஊர் ஊராகப் பஸ் ஸ்டாண்ட் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தார். செண்பகவல்லி தன் பக்கத்துக்கு இணையமே கொடுக்கமாட்டார். வைரஸ் வரும் என்று பயம். திருஞானத்துக்கு என்ன பயம்? அவருக்கு அவருடைய கூண்டு கிடைத்துவிட்டது.

அந்த மகிழ்ச்சி புதன்கிழமை சாயங்காலம் வரை நீடித்தது.

புதன்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பாக்கியம் வந்தார். ஆட்டைக் காணோம், கிடைக்குமா என்று கேட்டார். செண்பகவல்லி பிரசன்னம் போட்டார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவசரமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வராது பாக்கியம், மனசைத் தேத்திக்க" என்று சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் பாக்கியம் மறுபடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, வராதுன்னு சொன்னீங்களே, மத்தியானமே வந்து என் வீட்டுச் செம்பருத்தியை மொட்டை அடிச்சுக்கிட்டு நிக்குது!"

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு ஆடுகூட அவரை ஏமாற்றியதில்லை. சந்தேகத்தோடு கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த நேரத்துக்கு ஒரு கட்டம் போட்டார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ஏங்க! இங்க வாங்க!"

திருஞானம் ஓடிவந்தார்.

"வெளிய பாருங்க. என்ன தெரியுது?"

"இருட்டப் போகுது."

"விளக்கு வைக்கிற நேரம். இங்க பாருங்க. சூரியன் பத்தாம் வீட்டுல, நடு உச்சியில நிக்கிறான்! பட்டப்பகல்னு சொல்லுது உங்க கம்ப்யூட்டரு!"

திருஞானம் திரையின் மூலையைப் பார்த்தார். மணி பன்னிரண்டரை. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு. காலம் முழுக்க ஒரு வண்டியை ஒரு நிமிஷம் தாமதிக்க விடாத மனுஷனின் வீட்டில், ஐந்தரை மணி நேரம் காணாமல்போயிருந்தது.

"நான் உன் பக்கம் தொடவே இல்ல செண்பகம். சத்தியமா!"

"தொட்டீங்களோ தொடலையோ, நீங்க வந்த பொறகுதானே இப்படி? ஆடு போனாப் போகுது. வெள்ளிக்கிழமை பாக்கியம் மகளுக்கு வரன் விஷயமா பாக்கணும். அந்தப் பொண்ணு பொறந்த நேரம் யாருக்கும் தெரியாது, பிரசன்னம்தான். ஒரு பொண்ணோட வாழ்க்கைங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள என் சூரியன் அவன் இடத்துக்கு வரணும். இல்லேன்னா உங்க லினக்ஸு கிளம்பணும். வாக்குக் குடுத்திருக்கீங்க."

பாக்கியம் ஒன்றும் புரியாமல், "ஆட்டைத் திரும்பத் துரத்திவிடணுமாக்கா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் திருஞானம் குருவின் வீட்டுக்கு ஓடினார். கீழே அவருடைய அத்தாவின், அதாவது அப்பாவின், பாத்திரக் கடை. மேலே குருவின் அறை.

"குருவே, என்னை வெளியே தள்ளப் போறா!"

குரு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க ஸ்டாண்டுல ஒரே ஒரு கடிகாரம் இருக்குன்னு வச்சுக்குங்க சார். ரெண்டு டைம் கீப்பர். ஒருத்தர் அதுல நம்ம ஊர் நேரத்தை வைக்கிறார், அப்படியே படிக்கிறார். இன்னொருத்தர் அதுல உலகப் பொது நேரத்தை வைக்கிறார். படிக்கும்போது மனசுக்குள்ள அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டிக்கிறார். அவர் வேலை முடிஞ்சு எழுந்து போறார். முதல் ஆள் வந்து உக்காந்து கடிகாரத்தைப் பாக்கறார்."

"ஐயையோ, ஸ்டாண்டே நாறிப்போயிடும்!"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது ஒரே கடிகாரம்தான். முதல் ஆள் விண்டோஸ். ரெண்டாவது ஆள் உங்க லினக்ஸ்."

திருஞானம் அசந்துபோனார். அப்புறம் அவர் முகத்தில் மெல்ல ஒரு களை வந்தது.

"உலகப் பொது நேரமா? அப்படின்னா உலகம் பூரா ஒத்துக்கிட்ட நேரம். அதுதானே முறை? என் பக்கம்தான் சரி!"

குரு போனை எடுத்து ஏதோ தட்டினார்.

"இதைச் சரிபண்ண முடியுமா குருவே?"

"முடியும். எந்தப் பக்கம் வேணாலும் மாத்தலாம். அம்மா பக்கம்னா, உள்ள போய் ஒரு எடத்துல ஒரு எண்ணை மாத்தணும். உங்க பக்கம்னா ஒரே ஒரு வரி தட்டணும்."

"அவ பக்கத்தை மாத்திடுவோம். அவளுக்குத் தெரியவே தெரியாது."

"கேட்டுட்டு வாங்க சார்."

"எல்லாத்துக்கும் கேட்டுட்டு வா, கேட்டுட்டு வான்னா எப்படி?"

குரு சிரித்துக்கொண்டே தன் வேலைப் பக்கம் திரும்பிவிட்டார்.

திருஞானம் வீட்டுக்கு வந்தார். செண்பகவல்லி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் எதிரே நாற்காலி காலியாக இருந்தது. தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பையனைக் கூப்பிட்டால் அந்த எண்ணைக் கண் மூடித் திறப்பதற்குள் மாற்றிக் கொடுத்துவிடுவான். திருஞானம் போனைக் கையில் எடுத்தார். செண்பகவல்லி தூக்கத்தில் புரண்டு, வளையல் சத்தம் கேட்டது. போனைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். சீச்சீ, நமக்கு எதற்கு இந்தத் திருட்டுப் புத்தி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, செண்பகவல்லி எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

எழுந்ததும் காபியோடு போய் நின்றார். செண்பகவல்லி அந்தக் காபியைப் பார்த்ததுமே உஷாராகிவிட்டார்.

"என்ன வேணும்?"

"உன் பக்கத்துல ஒரு சின்ன எண்ணு. அதை மட்டும் மாத்தினா எல்லாம் சரியாயிடும்."

"உங்க பக்கத்துல மாத்த முடியாதா?"

"முடியும்."

"கஷ்டமா?"

"ஒரு வரிதான்."

"அப்புறம் எதுக்குக் காபியோட என்கிட்ட வந்து நிக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் திருஞானத்துக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி குருவின் வீட்டுப் படி ஏறினார். சாயங்காலமாகிவிட்டது. குரு வேலையை முடித்து மடிக்கணினியை மூடிக்கொண்டிருந்தார்.

"நியாயத்தை நீங்களே சொல்லுங்க குருவே! காலம் பூரா நேரத்தோடயே குடும்பம் நடத்தினவன் நான். எத்தனை வண்டிக்காரனுக்கு எத்தனை வாட்ச்! ஒருத்தனுக்கும் வளைஞ்சு குடுத்தது கிடையாது. இன்னைக்கு உலக நேரம் என் பக்கம் இருக்கு. நான் எதுக்கு வளையணும்? சரியா இருக்கறவன் எதுக்கு மாறணும்? சொல்லுங்க!"

குரு ஜன்னலைப் பார்த்தார். கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மணி என்ன சார் இருக்கும்?"

திருஞானம் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. இந்த நேரத்துக்கு அவருக்கு அது தேவைப்படவில்லை. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார்.

"ஆறு பத்து. செண்பகம் இப்பத்தான் விளக்கு வைப்பா."

"உலக நேரமா சார்?"

திருஞானம் வாயைத் திறந்தார். உலக நேரப்படி இப்போது பன்னிரண்டு நாற்பது. பிறகு மூடிக்கொண்டார். கோபம் போன இடம் தெரியவில்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். பாதிப் படி இறங்கியவர் சட்டென்று நினைவு வந்து திரும்பினார்.

"குருவே, அந்த ஒரு வரி? என் பக்கத்து வரி?"

"மத்தியானமே உங்க போனுக்கு அனுப்பிட்டேன் சார்" என்றார் குரு.

வீட்டுக்குள் நுழையும்போது பூஜை மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி தலைவாசலில் சாய்ந்து உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். திருஞானம் தன் பக்கத்தைத் திறந்தார். போனைப் பார்த்துப் பார்த்து, எழுத்து எழுத்தாக ஒரு வரியைத் தட்டினார். கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி திறந்து, விண்டோஸைத் தேர்ந்தெடுத்தார். நாற்காலியை விட்டு எழுந்து தள்ளி நின்றார்.

"வந்து பாரு."

செண்பகவல்லி பூவை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டம் போட்டார். விரலால் வீடுகளை எண்ணினார். ஜன்னல் வழியாக வெளியே ஒருமுறை பார்த்தார்.

"இறங்கிட்டான்" என்றார். "மேற்கே, அவன் இடத்துக்குப் போயிட்டான். என் பக்கத்துல கை வச்சீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"என் பக்கத்துல ஒரு வரி."

செண்பகவல்லி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மறுபடி பூப் பக்கம் போய் உட்கார்ந்து, நாரை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் புள்ளை அடுத்த வாரம் வந்தா சொல்லுங்க. கால்வாசி உங்களுக்குப் பத்தாது போல இருக்கு. என் பக்கத்துல இன்னும் கொஞ்சம் எடுத்துக்குங்க."

பஸ் ஸ்டாண்டே அதிர மைக்கில் பேசியவர் திருஞானம். அன்றைக்கு அவர் செண்பகவல்லி பக்கத்தில் போய் உட்கார்ந்து, நாரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.